டாக்டர் வி-யும் என் வலது முட்டியும்

தரமணி ரயில்வே ஸ்டேஷன்ல மேல ப்ளாட்பாரத்துக்குப் போக எத்தனை படின்னு தெரியுமா? தினமும் ஓடி ஏறுறவங்க யாருக்கும் தெரியாது. முட்டி போனவனுக்குத்தான் தெரியும். ஜனவரியிலிருந்து நான் எண்ணிக்கிட்டு இருக்கேன். ஏறும்போதுகூடப் பரவாயில்லை. இறங்கும்போதுதான் வலது முட்டிச்சில்லுக்கு அடியில யாரோ ஸ்க்ரூ டிரைவரை வெச்சுத் திருகுற மாதிரி இருக்கும்.

சைக்கிள் எனக்கு என்னன்னு நம்ம ஹாஸ்டல்ல எல்லாருக்கும் தெரியும். இன்டர்ன்ஷிப் காசுல செகண்ட் ஹேண்டா வாங்கின ரோடு பைக். காலையில அஞ்சு மணிக்கு, டைடல் பார்க் சிக்னல் காலியா இருக்கும்போதே கிளம்பி, திருவான்மியூர் வழியா ஈசிஆர் பிடிச்சு, முட்டுக்காடு பாலம் வரைக்கும் போயிட்டு கிளாஸுக்குத் திரும்பிடுவேன். ஞாயித்துக்கிழமைன்னா மாமல்லபுரம். இந்த ஜனவரியில நாலு பேர் சேர்ந்து ஒரே நாள்ல புதுச்சேரி போறதுன்னு கிளம்பினோம். நூறு கிலோமீட்டர் தாண்டி, மரக்காணம் உப்பளம் பக்கத்துல, என் முட்டி அவ்வளவுதான்னு சொல்லிடுச்சு. எதிர்காத்து வேற. மத்த மூணு பேரையும் போகச் சொல்லிட்டு, குவிச்சு வெச்சிருந்த உப்பைப் பாத்துக்கிட்டே ரெண்டு மணி நேரம் ரோட்டோரமா உக்காந்திருந்தேன். திரும்பி வந்தது ஒரு குட்டி யானையில, காலித் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவுல.

டாக்டர் பாத்துட்டு, முட்டிச்சில்லுக்குப் பின்னாடி இருக்கிற குருத்தெலும்பு உரசி உரசி இளகிப்போச்சுன்னு சொன்னார். ஆறு மாசம் நீண்ட ரைட் கிடையாது. அதுக்கப்புறமும் பழைய மாதிரி ஓட்ட முடியுமான்னு அப்போதான் சொல்ல முடியுமாம். ஆறு மாசம் கழிச்சு வலி போயிடும், நாம விட்ட இடத்துல இருந்து தொடரலாம்னுதான் நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அந்த நினைப்பு மாறினது செமஸ்டர் லீவுல.

லீவுல கோவில்பட்டிக்குப் போயிருந்தப்போ ஆச்சியைத் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போகிற வேலை என் தலையில விழுந்தது. கண்புரை. ஆச்சி உள்ள போனதும் வெளிய உக்காந்து காலை நீட்டிக்கிட்டே சுவத்தைப் பாத்தேன். வெள்ளை முடி, கண்ணாடி போட்ட ஒரு பெரியவரோட படம். முகத்தை எங்கேயோ பாத்த ஞாபகம். 2018-ல கூகிள் தன்னோட முதல் பக்கத்துல ஒரு நாள் அவர் படத்தைப் போட்டிருந்தது. நான் அப்போ ஸ்கூல் பையன். யாரோ தாத்தான்னு தள்ளிவிட்டுட்டு ஹோம்வொர்க்குக்கான விடையைத் தேடப் போயிட்டேன். இந்தத் தடவை கண்ணு அவர் முகத்துல நிக்கலை. கையில நின்னுச்சு. விரல் எல்லாம் ஒரு பக்கமா வளைஞ்சு, மடங்கி, கணு கணுவா வீங்கியிருந்தது. அந்தக் கையை வெச்சு அவர் ஒரு லட்சத்துக்கும் மேல கண் ஆபரேஷன் பண்ணியிருக்கார்னு பக்கத்துல இருந்தவர் சொன்னப்போ நான் நம்பலை. ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் தேடிப் படிச்சேன். இனி வர்றது அந்தக் கதை.

கோவிந்தப்ப நாயக்கர் மகன் வெங்கடசாமி பிறந்தது 1918 அக்டோபர் 1. ஊர் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் அயன் வடமலாபுரம். சுத்துப்பட்டு முழுக்கக் கரிசல் காடு. மழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. விவசாயக் குடும்பம், ஐந்து பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். ஊரில் பள்ளிக்கூடம் என்று ஒன்று வந்தபோது அங்கே பேப்பரும் பென்சிலும் கிடையாது. ஆற்று மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதித்தான் படித்தார்கள். மணலில் எழுதப் பழகின அந்த விரல்களுக்குப் பின்னால் என்ன ஆகப்போகிறது என்று நமக்குத் தெரியும் என்பதால், இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கத் தோன்றுகிறது.

பையனுக்குப் பத்து வயசு இருக்கும்போது குடும்பத்தில் மூன்று சாவு விழுந்தது. மூன்று பேரும் உறவுக்கார அக்காமார்கள். மூன்று பேரும் நிறைமாசத்தை நெருங்கும் கர்ப்பிணிகள். சுற்றுவட்டாரத்தில் பிரசவம் பார்க்கத் தெரிந்த டாக்டர் யாரும் இல்லை. டாக்டராக வேண்டும் என்று அவர் முடிவு பண்ணினது அப்போதுதான். வெறும் டாக்டர் இல்லை, பிரசவ டாக்டர். இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. ஏன்னா அவர் கதையை மேடையில சொல்றவங்க பாதிப்பேர் இதை ஒரு வரியில தாண்டிப் போயிடுறாங்க. அவர் ஆசைப்பட்டது கண் இல்லை.

மதுரை அமெரிக்கன் காலேஜில் கெமிஸ்ட்ரி. 1938-ல் பட்டம். அப்புறம் மெட்ராஸ், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. 1944-ல் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். உலகப் போரின் கடைசிக் கட்டம். போர் முடிந்த பிறகும் சில வருஷம் ராணுவத்திலேயே இருந்தார். அந்தக் காலம் முடிந்ததும் வெளியே வந்து பிரசவத் துறையில் மேல்படிப்பு. திட்டம் இவ்வளவுதான், நேர்க்கோடு.

1948-ல் ராணுவம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. காரணம் முடக்குவாதம்.

இங்கே என் முட்டியையும் அவர் நோயையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. என் முட்டி நான் கெடுத்துக்கிட்டது. பெரிய கியர்ல போட்டு மிதி மிதின்னு மிதிச்சு வந்த தேய்மானம். முடக்குவாதம் வேறு ஜாதி. கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் காவல்படையே வழிதவறி, மூட்டுகளைச் சுற்றி இருக்கும் மெல்லிய சவ்வைத் தாக்க ஆரம்பிக்கும். சவ்வு வீங்கும், பிறகு குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கும், மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் நார்கள் தளர்ந்து விரல்கள் ஒரு பக்கமாகச் சாயும். பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகலாம். ஓய்வு எடுத்தால் சரியாகிற விஷயம் இல்லை.

அதே 1948 செப்டம்பரில், அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து மேயோ கிளினிக்கில், இதே நோயால் எழுந்திருக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு கார்டிசோன் என்ற புது மருந்தை முதல்முறையாக ஊசியில் ஏற்றினார்கள். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். அந்தக் கண்டுபிடிப்புக்கு 1950-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அதன் பக்க விளைவுகள் எவ்வளவு மோசம் என்பது மெல்லத்தான் புரிந்தது. இன்றைக்கு இந்த நோய்க்கு முதலில் எழுதிக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் எல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது. வெங்கடசாமிக்கு அப்போது முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மேயோ கிளினிக்கில் நடந்தது மெட்ராஸ் வரைக்கும் அந்த வருஷம் வந்து சேரவில்லை.

ஒரு வருஷத்துக்கும் மேல் படுக்கை. நிற்க முடியாது, நடக்க முடியாது, பேனா பிடிக்க முடியாது. டாக்டருக்குப் படித்தவர் என்பதால், தன் கை எங்கே போய் முடியும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இந்த இடம்தான் ரொம்ப நேரம் மண்டையில ஓடிக்கிட்டே இருந்தது. மரக்காணத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்ததுக்கே நான் எவ்வளவு புலம்பினேன்னு என் ரூம்மேட்டைக் கேட்டாத் தெரியும்.

மெல்ல எழுந்தார். ஆனால் விரல்கள் நிரந்தரமாக வளைந்துவிட்டன. பிரசவ டாக்டர் என்பது முடிந்த கதை. அந்த வேலைக்கு ராத்திரி பகல் பார்க்காமல் மணிக்கணக்காக நிற்க வேண்டும், பிடிக்கிற பிடியில் வலு வேண்டும், இழுக்க வேண்டும், அவசரத்தில் வேகம் வேண்டும். அந்தக் கை அதைச் செய்யாது. பத்து வயதில் பார்த்த மூன்று சாவுகளுக்குப் பதிலாக அவர் தன் மனசுக்குள் வைத்திருந்த கணக்கு அங்கேயே நின்றுபோனது. அந்தக் கனவு அப்புறம் திரும்பி வரவே இல்லை. மோட்டிவேஷன் வீடியோக்கள்ல இந்த இடத்துல பின்னணி இசை ஏறி, மன உறுதியால வலியை வென்றார்னு வரும். அவர் வலியை வெல்லலை. மூட்டுவலி கடைசி நாள் வரைக்கும் கூடவே இருந்தது, விரல் ஒருநாளும் நிமிரலை.

அவர் செய்தது வேறு. கண் மருத்துவம் படிக்கப் போனார். சென்னையில் 1951-ல் டிப்ளமோ, 1954-ல் எம்எஸ்.

முதல்ல படிக்கும்போது எனக்கு இது பைத்தியக்காரத்தனமாத்தான் பட்டது. விரல் போனவர் எதுக்குப் போய் விரல் நுனியாலேயே பிழைக்கிற துறையை எடுக்கணும்? மனுஷக் கண்ணின் கருவிழி குறுக்கே அளந்தால் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதன் ஓரத்தில் பாதி வட்டமாகக் கீறி, உள்ளே புரை படர்ந்த லென்ஸை உறையோடு முழுசாக வெளியே எடுக்க வேண்டும். அந்தக் காலத்து முறை அதுதான். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கண் போச்சு. தைக்கிற நூல் முடியைவிட மெல்லிசு.

பிறகுதான் நம்ம பாடத்தை வைத்து யோசித்துப் பார்த்தேன். இது என் கணக்கு, அவர் இப்படி நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. பவர் என்பது டார்க்கும் சுழலும் வேகமும் பெருக்கினது. சைக்கிளில் அதே வேகத்தில் போக ரெண்டு வழி இருக்கு. பெரிய கியர்ல போட்டு நிமிஷத்துக்கு அறுபது சுத்து அழுத்தி மிதிக்கலாம். இல்லேன்னா சின்ன கியர்ல போட்டு தொண்ணூறு சுத்து லேசா மிதிக்கலாம். முட்டிக்கு வர்ற பாரம் ரெண்டாவதுல குறைவு. பிரசவம் பார்ப்பது பெரிய கியர் வேலை. அதில் விசை அதிகம். கண் ஆபரேஷனுக்கு விசை கிட்டத்தட்ட வேண்டவே வேண்டாம். துல்லியம் வேண்டும், பொறுமை வேண்டும், கை ஒரே மாதிரி திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்ய வேண்டும். வலுவிழந்த மூட்டுக்குப் பாரம் தூக்குவதுதான் கஷ்டம். சின்ன அசைவைப் பழக்கிவிடலாம், ஆனால் அதுக்கு ரொம்ப நாள் ஆகும்.

அவருக்கும் ரொம்ப நாள் ஆனது. வளைந்த விரல்களுக்கு நடுவே கத்தியை நிறுத்தப் பழகினார். எல்லா டாக்டரும் பிடிக்கிற மாதிரி அவரால் பிடிக்க முடியாது. அதனால் தன் விரல் போகிற போக்குக்குத் தகுந்த மாதிரி கருவிகளை அவரே வடிவமைத்துக்கொண்டார். எந்த விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கருவி பொருந்த வேண்டும். நாம் டிசைன் கிளாஸில் எர்கோனாமிக்ஸ் என்று ரெண்டு மார்க் கேள்விக்குப் படிக்கிறோம். அவர் தன் கைக்காக அதைச் செய்தார், அதுவும் அந்தப் பேப்பரை எழுதாமலே. கையைக் கருவிக்காக நேராக்க முடியாதபோது கருவியைக் கைக்காக வளைத்துவிட்டார். ஒரு நல்ல நாளில் நூறு ஆபரேஷன் வரைக்கும் செய்யும் அளவுக்கு அந்தக் கை பின்னாளில் பழகிவிட்டது.

1956-ல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவரானார். கல்லூரியே அப்போது ரெண்டு வயசுக் குழந்தை. கூடவே எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் வேலை. இன்றைக்கு ராஜாஜி ஆஸ்பத்திரி என்று சொல்கிறோமே, அதுதான். இருபது வருஷம் அங்கேதான்.

அங்கே உட்கார்ந்து வருகிற நோயாளிகளை மட்டும் பார்த்திருந்தாலே நல்ல பேர் வாங்கியிருக்கலாம். ஆனால் வராதவர்கள்தான் அவர் தூக்கத்தைக் கெடுத்திருக்க வேண்டும். கண்புரை என்பது அரை மணி நேரத்துக்குள் சரிசெய்யக்கூடிய குருட்டுத்தனம். அப்படியிருந்தும் கிராமத்தில் வயசானவர்கள் கண் தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். 1960-களில் கண் முகாம்களை ஆரம்பித்தார். டாக்டரும் நர்ஸும் சாமான்களும் ஊர் ஊராகப் போவார்கள். இலவசம் என்று அறிவித்தாலும் ஜனங்கள் வராமல் இருந்தது அவர்களை யோசிக்க வைத்தது. விசாரித்தால் விஷயம் சிம்பிள். ஆபரேஷன் இலவசம், சரி. பஸ்ஸுக்குக் காசு? அங்கே தங்கினால் சாப்பாடு? துணைக்கு வருகிறவருடைய ஒருநாள் கூலி? இதையெல்லாம் யார் கொடுப்பார்கள்? இந்தப் பாடம்தான் பின்னாளில் அரவிந்தில் நோயாளியைக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடிந்து திரும்பக் கொண்டுபோய் விடுகிற வழக்கமானது. எங்க ஆச்சி தன்னை அப்படி யாரும் கூட்டிட்டுப் போகலைன்னு இன்னும் குறை சொல்லுது. பேரன் இருக்கும்போது எதுக்கு பஸ்?

1965-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு மாநாட்டில் ஜான் வில்சனைச் சந்தித்தார். பார்வையற்றோருக்கான காமன்வெல்த் சங்கத்தை நிறுவிய ஆங்கிலேயர். வில்சனுக்குப் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி சோதனை வெடித்துக் கண் போனது. இருவருக்கும் இடையே நட்பு நிலைத்தது. கண் போனவரும் கை போனவரும் சேர்ந்து, தடுக்கக்கூடிய குருட்டுத்தனத்தைப் பற்றி அரசாங்கங்களிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 1973-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது.

1976-ல் ரிட்டயர்மென்ட். அவருக்கு வயது 57 முடிந்து 58 நடந்துகொண்டிருந்தது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மூட்டுகள் இன்னும் மோசம். இந்தியாவில் பார்வையற்றவர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள், அதில் பெரும்பகுதி கண்புரை. பென்ஷன் வாங்கிக்கொண்டு பேப்பர் படித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் பதினோரு கட்டில் போட்டார். அதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் டாக்டர்கள், கூட வந்தார்கள். தம்பி சீனிவாசன் கட்டட காண்ட்ராக்டர், கணக்கும் கட்டடமும் அவர் பொறுப்பு. ஒரு ரிட்டயர்டு டாக்டரை நம்பி யாரும் பணம் போடத் தயாராக இல்லை, வீட்டை அடமானம் வைத்தார்கள், குடும்பத்து நகைகளும் போயின. காசு கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கிய கட்டணத்தில் முடியாதவர்களுக்குச் சும்மா பார்த்தார்கள். கையில் சேரச் சேர மேலே ஒரு மாடி. 1981-ல் அது 250 கட்டில் கொண்ட பெரிய ஆஸ்பத்திரியாகிவிட்டது.

மேனேஜ்மென்ட் எலெக்டிவ் எடுத்தவங்களுக்கு மீதிக்கதை தெரியும். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1993-ல் இந்த ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு கேஸ் ஸ்டடியே எழுதினது. மெக்டொனால்ட்ஸ் கடையை அமெரிக்காவில் பார்த்து, பர்கரை ஊருக்கு ஊர் ஒரே தரத்தில் கொடுக்க முடியும்னா கண் ஆபரேஷனை ஏன் கொடுக்க முடியாதுன்னு அவர் கேட்டதா எல்லா ப்ரெசன்டேஷன்லயும் ஒரு ஸ்லைடு வரும். அது உண்மைதான், அவரே பல இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறார். ஆனா எனக்கு ஒரு சந்தேகம்.

அரவிந்த் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு டாக்டருக்கு ரெண்டு மேஜை. ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவரை நர்ஸுகள் தயார் பண்ணிவிடுவார்கள். முதல் கண் முடிந்ததும் டாக்டர் அப்படியே திரும்பினால் போதும், மைக்ராஸ்கோப் அவரோடு திரும்பும். கண்ணைச் சுத்தம் செய்வது, மருந்து விடுவது, கட்டுப் போடுவது எல்லாம் கிராமத்திலிருந்து பள்ளி முடித்து வந்து ரெண்டு வருஷம் பயிற்சி எடுத்த பெண்கள் செய்வார்கள். டாக்டர் கை தொட வேண்டியது டாக்டரால் மட்டுமே முடிகிற அந்தச் சில நிமிஷம்தான். மற்ற ஆஸ்பத்திரிகளைவிட ஒரு டாக்டர் பல மடங்கு ஆபரேஷன் செய்ய முடிவது இதனால்தான்.

இதை பர்கர் கடையைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டிருக்கணுமா? ஒவ்வொரு அசைவுக்கும் வலி என்கிற விலை கொடுத்த ஒரு மனுஷன், கை தேவையில்லாமல் ஒரு இன்ச்கூட நகரக் கூடாது என்று முப்பது வருஷமா யோசிச்சிருப்பார். எதை மத்தவர் எடுத்துக் கொடுக்கலாம், எந்தக் கருவி எந்தப் பக்கம் இருக்கணும், எத்தனை தடவை எழுந்து உக்காரணும் என்கிற கணக்கு அவர் மூட்டுக்குள்ளேயே இருந்திருக்கும். நல்ல விரல் இருக்கிற டாக்டருக்கு இது தோணியிருக்குமான்னு தெரியலை. இதுக்கு என்கிட்ட ஆதாரம் எதுவும் கிடையாது. சைக்கிள்ல முட்டி வலி வந்த பிறகுதான் நான் பெடலை எங்கே மிதிக்கிறேன்னு முதல்முறையா குனிஞ்சு பாத்தேன், அதனால சொல்றேன்.

லென்ஸ் விஷயத்தையும் சொல்லிடணும், மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடிக்கும். பழைய முறையில் லென்ஸை எடுத்தவர்கள் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுத்தான் பார்க்க முடியும். கண்ணாடி உடைந்தால் திரும்பவும் இருட்டு. கண்ணுக்குள்ளேயே வைக்கிற செயற்கை லென்ஸ் வந்தபோது வெளிநாட்டு விலை ஏழைகளுக்கு எட்டாது, ஒரு லென்ஸ் நூறு டாலர் பக்கத்தில் போனது. 1992-ல் மதுரையிலேயே அரோலேப் என்ற தொழிற்சாலையை ஆரம்பித்தார்கள். வளரும் நாட்டில் இவ்வளவு நுணுக்கமான பொருளைச் செய்ய முடியாது என்று பல நிபுணர்கள் சொல்லியும் கேட்கவில்லை. ஆரம்பத்திலேயே விலை பத்து டாலருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, பிறகு இன்னும் இறங்கியது. எங்க ஆச்சி கண்ணுக்குள்ள இருக்கிறதும் மதுரை சரக்குத்தான்னு ஆச்சிக்கு ஒரே பெருமை.

தேனி 1985, திருநெல்வேலி 1988, கோயம்புத்தூர் 1997, புதுச்சேரி 2003. அவர் உயிரோடு இருக்கும்போதே இத்தனை கிளைகள். நம்ம சென்னைக்கு 2017-லதான் வந்தது, பூந்தமல்லி நெடுஞ்சாலையில.

புதுச்சேரியை நான் சும்மா சொல்லலை. ஆஸ்பத்திரிக்குப் பேர் வந்ததே அரவிந்தர் பேரிலிருந்துதான். அரவிந்தர் ஆசிரமத்துக்கும் அன்னையிடத்துக்கும் அவர் பல வருஷம் போய் வந்தவர். தினமும் விடிகாலையில் அந்தப் புத்தகங்களைப் படித்து, டைரியில் எழுதிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். எனக்கு அந்தத் தத்துவம் எல்லாம் பாதி புரியலை, அதனால அதுக்குள்ள போகலை. ஆனா வளைஞ்ச விரலால தினமும் டைரி எழுதினார்ங்கிறது மட்டும் புரிஞ்சது. நான் லேப் ரெக்கார்டு எழுதவே அடுத்தவன் கையைத் தேடுறவன்.

வயசான காலத்தில் கத்தியைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்தவில்லை. வார்டு வார்டாகப் போவார், நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவார். 2006 ஜூலை 7-ம் தேதி, 87 வயதில், மதுரையில் இறந்தார். நான் அப்போ கைக்குழந்தை.

லீவு முடிஞ்சு வந்ததும் ஒரு காரியம் பண்ணினேன். ஆறு மாசம் கழிச்சுப் பழைய மாதிரியே ஓட்டணும்னு வெச்சிருந்த டிரெய்னிங் அட்டவணையை அழிச்சுட்டு, சைக்கிளை அளந்தேன். சீட் எனக்கு 12 மில்லிமீட்டர் தாழ்வா இருந்திருக்கு. இத்தனை நாளா முட்டி தேவைக்கு மேல மடங்கி மடங்கி மிதிச்சிருக்கேன். சீட்டை ஏத்தினேன். முன்னாடி இருந்த பெரிய பல்சக்கரத்தைக் கழட்டி ஜூனியர் ஒருத்தனுக்குக் கொடுத்துட்டேன். அவன் சந்தோஷத்துல எனக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்தான். இப்போ சின்னதுல, நிமிஷத்துக்கு எண்பத்தஞ்சு சுத்து, திருவான்மியூர் பீச் வரைக்கும் மட்டும். என்னை எல்லாரும் ஓவர்டேக் பண்றாங்க, போன வாரம் பால்காரர்கூட. ரேஸ் ஓட்ட முடியுமான்னு டாக்டர் இன்னும் சொல்லலை, முடியாதுன்னும் சொல்லலை. ஸ்டேஷன் படி இறங்கும்போது வலிக்கத்தான் செய்யுது.

அடுத்த மாசம் ஆச்சிக்கு ரெண்டாவது கண். கூடப் போறது நான்தான்.